அத்தை வீட்டுப் பேரேடு

சென்ற மாதம் காட்டுப்பள்ளியிலுள்ள என் அத்தையார் வீட்டிற்குப் போயிருந்தேன். வாயிற்படி ஏறியவுடன் கண்ணிற் படுவது, திண்ணை மேசைமேல் நூல் கட்டிய பேனாவோடு விரித்து வைக்கப்பட்டிருக்கும் ஒரு கணக்குப் புத்தகம். கெட்டி அட்டையும் சிவப்புத் துணி முதுகும் உடையது. மீஞ்சூர்க் கடைத்தெருவில் வாங்கியது. அதில் வரவு செலவு ஒன்றும் இல்லை. மனிதர் பெயர்களே உள்ளன. பேர் எழுதும் ஏடு ஆதலின் அத்தையார் அதனைப் 'பேரேடு' என்றே வழங்குகிறார். வணிகர் வைத்திருக்கும் பேரேடு வேறு என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல யான் ஒருமுறை முயன்றேன். "அவர்கள் ஏட்டில் காசு குறைந்தால் தெரியும், தம்பி. என் ஏட்டில் ஆள் குறைந்தால் தெரியும்" என்றார். அவர் அங்ஙனம் கூறுதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தில் என் பிழையும் பெரும்பங்கு கலந்திருத்தலின், அதனை மறையாது நம் கலாசாலைச் சஞ்சிகையில் எழுத முன்வந்தேன்.

காட்டுப்பள்ளியைக் கண்டறியாத நண்பர்கள் பொருட்டுச் சில சொற்கள். எண்ணூர் முகத்துவாரத்திற்கு வடக்கே, கிழக்கில் கடலும் மேற்கில் பக்கிங்காம் கால்வாயும் கழிநிலமும் அமைய, பழவேற்காட்டை நோக்கி நீண்டு கிடக்கும் மணல்திட்டு அது. என் தந்தையார் இளமையில் அங்கே சவுக்கும் தாழையும் மீனவர் குப்பங்களும் அன்றி வேறு பெரிதாக ஒன்றும் இல்லையாம். இன்றோ, 1990-களில் எழுந்த வட சென்னை அனல் மின் நிலையம், 2001-ல் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், 2010-ல் திறக்கப்பெற்று நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் குடிநீரைக் கடல்நீரினின்று பிரிக்கும் ஆலை, கப்பல் தளம், அதனை ஒட்டிய காட்டுப்பள்ளித் துறைமுகம் என்றிவை வரிசையாக நிற்கின்றன. 2022 ஆகஸ்டு 7-ஆம் நாள் அமெரிக்கக் கடற்படையைச் சார்ந்த 'சார்லஸ் டிரூ' என்னும் கப்பல் பழுது பார்க்கப்படுவதற்காக இத்தளத்திற்கு வந்தது. அந்நாட்டுக் கடற்படைக் கப்பலொன்று இந்தியாவில் பழுது பார்க்கப்பட்டது அதுவே முதன்முறை என்று பத்திரிகைகள் எழுதின.

இத்தகைய ஊருக்கு வருவோரிற் பெரும்பாலார் நிலையாகத் தங்க வருவோர் அல்லர். மின் நிலையத்தில் ஓர் உலையை நிறுத்திப் பழுது பார்க்கும் காலத்தை அங்குள்ளோர் 'ஷட்டவுன்' என்பர். ஷட்டவுன் வந்தால் இருபது நாள், முப்பது நாள் வேலைக்கென வெல்டர்களும் ஃபிட்டர்களும் கூட்டமாக வந்து இறங்குவர். கப்பல் ஒன்று தளத்தில் ஏறினாலும் அவ்வாறே. வேலை முடிந்த மறுநாள் அவர்கள் ஹால்தியாவிலோ ஜாம்நகரிலோ இருப்பர். அவர்களுக்கு வேண்டுவது ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு பாய் விரிக்கும் இடம், அதுவும் நாட்கணக்கில். ஆதலின் அங்கே சொந்த வீடு உடையார் பலர், ஆண்டுக் குடித்தனக்காரரை அனுப்பிவிட்டு நாள் வாடகைக்காரரை ஏற்கத் தலைப்பட்டனர். இதனால் உள்ளூர் ஏழைக்கு வாடகை வீடு அரிதாயிற்று என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

அத்தையாருக்கு மாமா விட்டுச்சென்றது நான்கு அறை உள்ள ஓர் ஓட்டு வீடன்று, மாடிப்படி அமைந்த காரைக் கட்டடம். மாமா மறைந்தபின் அவரும் அறைகளை நாள் வாடகைக்கு விடலானார். மார்கழி தை மாதங்களில் பழவேற்காட்டு ஏரிக்குப் பூநாரை காண வரும் பட்டணத்துக் குடும்பங்களும் ஓரிரு நாள் தங்கிச் செல்வதுண்டு. எனினும் வருவோரிற் பெரும்பகுதி வேலையாட்களே. வடநாட்டுப் பிள்ளைகள் அவரை 'மாஜி' என்று அழைப்பர்.

தொடக்கத்தில் அத்தையார் ஒரு பள்ளிக்கூட நோட்டில் ஒவ்வொருவர் பெயரையும் தாமே எழுதி வைத்திருந்தார். பெயரோடு ஊரும், ஊரோடு தாயின் பெயரும் கேட்பார். மாலையில் விளக்கேற்றியபின் நோட்டும் கையுமாக அறை அறையாகச் சென்று, பெயர் சொல்லி அழைத்து, உண்டாயா, உடம்பு எப்படி என்று வினவி வருவார். அவருக்கு இந்தி தெரியாது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எனினும் அவ்வழைப்பு நாள்தோறும் நடந்தது.

2023-ஆம் ஆண்டின் இடையில், வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துவோர் உரிமம் பெற வேண்டும் என்று அறிவிக்கும் ஒரு தாள் அவருக்கு வந்தது. படித்துச் சொல்லுமாறு எனக்குச் சொல்லியனுப்பினார். யானும் சென்று, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கல்லூரி ஆசிரியனுக்குரிய மிடுக்குடன் படித்தேன். உள்ளாட்சியின் உரிமம், கட்டடத்தின் வரைபடம், தீத்தடுப்பு ஏற்பாடு, கழிவறை நீர்வசதி, தங்குவோர் பதிவேடு என்று அது நீண்டது. யான் நகைத்தேன். "அத்தை, நீங்கள் என்ன ஓட்டலா நடத்துகிறீர்கள்? நான்கு அறைக்கு இத்தனை சடங்கா? நீங்கள் பெயர் பெயராக எழுதி வைப்பதால்தான் இது விடுதியாகத் தோன்றுகிறது. வாடகை கொடுப்பவர் பெயர் ஒன்று, ஆள் எத்தனை என்ற எண் ஒன்று, இவ்வளவு போதும். மாலையில் சுற்றி வருவதையும் விட்டுவிடுங்கள், அவர்கள் வளர்ந்த ஆண்பிள்ளைகள்" என்றேன்.

அத்தையார் உடனே இசையவில்லை. அவரை இசைவிக்க யான் நூல்களையெல்லாம் துணைக்கு அழைத்தேன். மதுரைப் புறஞ்சேரியில் கோவலனும் கண்ணகியும் தங்கினரே, ஆயர் முதுமகள் மாதரி எந்த ஏட்டில் அவர்கள் பெயரை எழுதினாள் என்று கேட்டேன். எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் சத்திரத்திற் சேர்த்தபோது, சத்திரக்காரன் அவனுடைய பெயரையும் ஊரையும் கேட்டதாகச் சுவிசேஷம் சொல்லவில்லையே என்றேன். நம் பக்கத்து இராயபுரத்தில் 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது கஞ்சி வார்க்கத் தோன்றிய மணியக்காரர் சத்திரத்தில் ஏந்திய கைக்கு ஊற்றினார்களேயன்றி முகவரி கேட்டார்களா என்றேன். அங்கிருந்து வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னை மக்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் வழக்கத்தையும் நினைவூட்டினேன். விருந்தினரைப் பெயர் கேட்டுப் பதிவு செய்வது தமிழ் மரபன்று என்று முடித்தேன். படித்தவன் சொல்லுகிறான் என்று அத்தையார் நோட்டைப் பரண்மேல் எடுத்து வைத்துவிட்டார். வந்த தாளும் அதனுள்ளேயே மடிக்கப்பட்டுக் கிடந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் வங்கக் கடலில் சென்னைக்கு அருகே வந்து, வடக்கு நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அது 5-ஆம் நாள் ஆந்திரத்துப் பாபட்லாவின் அருகே கரை கடந்தது. ஆனால் மழை முழுவதையும் நம் கரைமேற் கொட்டிவிட்டே சென்றது. யான் முதல் நாள் அத்தையைக் காண வந்தவன், இரயிலும் பேருந்தும் ஓடாமையால் அங்கேயே தங்கிவிட்டேன். மாலையிலேயே மின்சாரம் நின்றது. நள்ளிரவு கடந்து இரண்டு மணி இருக்கும். கால்வாய்ப் பக்கத்தினின்று தண்ணீர் ஓசையின்றி வீட்டிற்குள் நுழைந்தது. யான் கட்டிலினின்று காலை ஊன்றியபோது கணுக்கால் நனைந்தது. விளக்கைத் தேடி எடுப்பதற்குள் முழங்கால் நனைந்தது.

முன்னறைகளிலிருந்த பிள்ளைகளை எழுப்பி, அத்தையாரைக் கைத்தாங்கலாக ஏற்றி, மாடிப்படியின் தலைப்பிலுள்ள சிற்றறையில் எல்லோரும் ஒண்டினோம். கைப்பேசி வெளிச்சத்தில் யான் ஆட்களை எண்ணினேன். ஆறு பேர். ஏட்டில் இருந்த எண் 7. ஏழாமவன் பின்னறைக்காரன்; ஒடிசாவைச் சேர்ந்தவன்; இரவு வேலைக்குப் போனவன் மழையில் அங்கேயே அகப்பட்டுக்கொண்டான் என்று மற்றவர்கள் கூறினர். ஆறும் ஒன்றும் ஏழு. "எல்லோரும் ஏறிவிட்டார்களா?" என்று அத்தையார் இரண்டு முறை கேட்டார். "கணக்குச் சரியாக இருக்கிறது, அத்தை" என்று இரண்டு முறையும் விடை கூறினேன்.

கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆள்தான் ஒருவன் குறைந்தான்.

பொழுது புலரும் வேளையில் காற்று சற்றே தணிந்தது. அப்பொழுது கீழே சுவரை ஏதோ கொண்டு தட்டும் ஓசை கேட்டது. மிதந்து வந்த மரக்கட்டை மோதுகிறது என்று முதலில் நினைத்தோம். ஆயின் அது மூன்று முறை தட்டி நிற்பதும், மீண்டும் மூன்று முறை தட்டுவதுமாக இருந்தது. இரண்டு பிள்ளைகளும் யானும் மார்பளவு நீரில் பின்கட்டிற்குச் சென்றோம். கதவு ஊறிப் பருத்து, நீரின் அழுத்தத்தால் அசையவில்லை. கடப்பாறையால் பெயர்த்துத் திறந்தபோது, உள்ளே பரணின்மேல், கூரைக்கும் பலகைக்கும் இடையே உடலைக் குறுக்கிக்கொண்டு ஓர் இளைஞன் கிடந்தான். கையில் ஓர் எவர்சில்வர்த் தம்ளர். அதனால் இரவெல்லாம் சுவரைத் தட்டியிருக்கிறான். உடல் நெருப்பாய்க் கொதித்தது.

பின்னர் அறிந்தது இது. அவன் பின்னறைக்காரனின் சிற்றப்பன் மகன். ஞாயிறு காலையில் சென்ட்ரலில் காய்ச்சலோடு இறங்கி, நண்பகலில் வந்து சேர்ந்தவன். அண்ணன் அவனைப் படுக்க வைத்து, கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனான். இன்னொரு ஆள் என்றால் இன்னொரு நாள் வாடகை. இரண்டு நாளைக்குத்தானே, யாரும் வந்து கேட்பதில்லையே என்று சொல்லாமல் விட்டான். யாரும் வந்து கேட்காதபடி செய்தவன் யானே. அத்தையார் மாலைச் சுற்றை நிறுத்தாதிருந்தால், அன்று விளக்கேற்றிய ஐந்து நிமிஷத்தில் அவனைக் கண்டிருப்பார்.

நீர் வடிந்த பகுதி வரையில் தோளில் தூக்கியும், பின்னர் ஒரு டிராக்டரில் ஏற்றியும் அவனை மருத்துவமனையிற் சேர்த்தோம். அங்கே சீட்டு எழுதிய அம்மையார், "நோயாளியின் பெயர்?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியாது. வயது? தெரியாது. தகப்பன் பெயர்? ஊர்? யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்? ஒன்றும் தெரியாது. அவனோ சுரத்தின் மயக்கத்தில் ஒடியா மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய கைப்பேசி நீரில் மூழ்கிப் போயிற்று. நம் கூரையின் கீழ்ப் படுத்திருந்த ஒருவனைப் பற்றி, 'ஆண், சுமார் 19' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல இயலாமல், இரண்டு பட்டங்கள் பெற்ற யான் அம்மேசையின்முன் நின்றேன். அத்தையார் என்னைப் பார்க்கவில்லை. அவர் பார்த்திருந்தால் ஒருவேளை எளிதாக இருந்திருக்கும்.

அண்ணன் இரண்டு நாள் கழித்து நடந்தே வந்து சேர்ந்தான். கஞ்சம் மாவட்டத்தில் அப்பிள்ளையின் தாய் அந்த இரண்டு நாளும் அணைந்துபோன கைப்பேசி எண்ணுக்கு அழைத்துக்கொண்டேயிருந்தாளாம். பிள்ளை பிழைத்தான். ஒரு கிழமையில் எழுந்து நடந்தான்.

வீடு திரும்பியபின் சிலப்பதிகாரத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். மாதரியை யான் சான்று காட்டியபோது கதையின் பிற்பகுதியை மறந்துவிட்டேன். கவுந்தியடிகள் கண்ணகியை வாளாவிட்டுச் செல்லவில்லை; இன்ன தன்மையள் என்று சொல்லி அடைக்கலமாக ஒப்படைத்தார். கோவலன் கொலையுண்ட பின், அடைக்கலம் காக்கத் தவறினேன் என்று அம்முதுமகள் தீயிற் புகுந்தாள் என்பது வஞ்சிக் காண்டத்தில் மாடலன் வாயிலாக வரும் செய்தி. சமாரியனும் சத்திரக்காரனிடம் பணம் இரண்டு கொடுத்ததோடு, திரும்பி வந்து கணக்குத் தீர்ப்பதாகச் சொல்லிச் சென்றான். ஆகவே அடிபட்டவனுக்குப் பெயர் இல்லையென்றாலும் பொறுப்பாளி ஒருவன் இருந்தான். சத்திரங்களைப் பற்றி யான் சொன்னதும் அரைகுறையே. தஞ்சை மராட்டிய மன்னர்கள் நடத்திய சத்திரங்களின் கணக்குகள் மோடி எழுத்தில் இன்றும் உள்ளன. அறத்திற்கென நடந்த இடங்களிலேயே அரிசிக்கும் ஆளுக்கும் கணக்கு வைத்தார்கள். சென்னை அரசாங்கம் 1817-ஆம் ஆண்டின் 7-ஆம் ரெகுலேஷன் வாயிலாகச் சத்திரங்களின் மேற்பார்வையை ரெவினியூ போர்டிடம் ஒப்புவித்தது. விருந்தினரைப் பதியாமை நம் மரபு என்று யான் அத்தையாருக்கு ஓதியது என் சோம்பலுக்கு யானே நெய்த போர்வை.

பொங்கல் கழிந்தபின், பரணில் ஊறி உலர்ந்திருந்த அத்தாளைப் பிரித்து எடுத்துக்கொண்டு அத்தையாரும் யானும் உரிய அலுவலகங்களுக்குச் சென்றோம். அங்கே கற்றவற்றை ஈண்டுச் சுருங்க எழுதுகிறேன். நம் மாணவரிற் சிலர் வீட்டிலும் இத்தொழில் நடக்கக்கூடும்.

யான் முன்னம் 'இது ஓட்டலா?' என்று நகைத்தேன் அல்லவா? அதற்கு விடை 1939-ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டிருந்தது. அவ்வாண்டு இயற்றப்பெற்ற சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. உணவு கொடுத்தோ கொடாமலோ, வந்து போவோருக்குக் காசு பெற்றுப் படுக்க இடம் கொடுக்கும் எவ்விடமும் அதன் கண்ணில் தங்கும் விடுதியே. அறை நான்காயினும் நாற்பதாயினும் பெயர் ஒன்றுதான். தொற்றுநோய் கண்டவர் தம் கூரையின் கீழ் இருப்பதாக அறிந்த விடுதிக்காரர் அதனைச் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்கவும் அச்சட்டம் பணிக்கிறது. மாலையில் "உடம்பு எப்படி?" என்று அத்தையார் கேட்டு வந்தது அறியாமை என்று எண்ணினேன். சட்டம் அவர் பக்கம் இருந்தது.

அயல்நாட்டார் தங்கினால் கடமை இன்னும் கண்டிப்பானது. அவர் வந்த 24 மணி நேரத்திற்குள் உரிய பதிவு அதிகாரிக்கு வீட்டுக்காரர் அறிக்கை அனுப்ப வேண்டும். 1946-ஆம் ஆண்டு அயல்நாட்டார் சட்டத்தின்கீழ் 'சி படிவம்' என்று நெடுங்காலம் வழங்கிய இவ்வேற்பாடு, அச்சட்டம் நீக்கப்பட்டு 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடிவரவு, அயல்நாட்டார் சட்டம் நடைமுறைக்கு வந்தபின்னும் தொடர்கிறது. தளத்திற்கு வரும் கப்பல்களால் இது எங்களுக்கு வெறுங்கதையன்று. ஒருமுறை கொரியா தேசத்துப் பொறியாளர் ஒருவர் ஓரிரவு தங்க இடம் கேட்டு வந்து, அத்தையார் சமைத்த வஞ்சிர மீன் குழம்பிற்காக மூன்று இரவு தங்கிச் சென்றார்.

மத்திய அரசின் சுற்றுலா அமைச்சகம் வகுத்த இல்லத் தங்கல் திட்டமும் உண்டு. ஒன்று முதல் ஆறு அறை வரை, மிகுதியாகப் பன்னிரண்டு படுக்கை. வீட்டுக்காரர் குடும்பத்தோடு அவ்வீட்டிலேயே வசிக்க வேண்டும். வசதிக்கேற்பப் பொன், வெள்ளி என்று தரம் கொடுப்பர். பூநாரை காண வருவோருக்கு இது பொருந்தும். கடற்கரை ஒழுங்குமுறை பற்றிய 2019-ஆம் ஆண்டு அறிவிக்கையிலோ எனக்கு மிகவும் பிடித்த ஒரு விதி உள்ளது: மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள், இருக்கும் வீட்டின் அடித்தளப் பரப்பையும் அமைப்பையும் முகப்பையும் மாற்றாமல், அதிலேயே விருந்தினரைத் தங்க வைக்கலாம் என்பது. வீடு வீடாகவே இருக்கட்டும் என்று ஒரு விதியே சொல்லுவது வியப்பன்றோ? ஆலைக்கும் தளத்திற்கும் இடம் கொடுத்துப் பெயர்ந்துபோன குப்பங்களின் கரையில் நின்று அதனைப் படிக்கும்போது வேறு எண்ணங்களும் எழுகின்றன; அவை இக்கட்டுரைக்கு உரியன அல்ல.

என் மனத்தில் ஒரு குறை மட்டும் நிற்கிறது. உல்லாசமாக வருபவனுக்குப் பொன்னும் வெள்ளியும் என்று தரம் பிரித்த திட்டம், இருபது நாள் உழைக்க வருபவனைக் கருதி எழுதப்படவில்லை. அவனுக்குத் தங்குமிடம் தரும் கடமையை 1979-ஆம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் கண்டிராக்டரிடம் வைத்தது. அச்சட்டம் இப்பொழுது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிற் பாதுகாப்புத் தொகுப்பினுள் அடங்கிவிட்டது. கண்டிராக்டர் மேஸ்திரியிடம் சொல்லுகிறார். மேஸ்திரி அத்தை போன்றாரிடம் ஆளைக் கொண்டுவந்து விட்டுச் செல்கிறார். இவ்வாறு கைமாறிக் கைமாறி வரும் கடமை, கடைசியில் ஒரு பின்னறையின் பரணில் தம்ளரோடு கிடந்தது.

மற்ற நாடுகளிலும் இவ்விதிகள் வேறு வேறு காரணம் பற்றி எழுந்துள்ளன. நியூயார்க்கு நகரில் 2023 செப்டம்பர் முதல், முப்பது நாளுக்குக் குறைவாக வீடு விடுவோர் நகரத்தாரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். தாமும் உடன் தங்க வேண்டும். இருவருக்கு மேல் ஏற்றலாகாது. ஜப்பானியர் 2018-ல் கொண்டுவந்த சட்டம் ஆண்டில் 180 நாளுக்கு மேல் வீட்டை இங்ஙனம் விடலாகாது என்று வரையறுத்ததோடு, தங்குவோர் பெயரேட்டையும் கட்டாயமாக்கிற்று. நியூயார்க்கில் அஞ்சுவது சொந்த ஊராருக்கு வீடு இல்லாமற் போகும் என்பதை. காட்டுப்பள்ளியிலும் அவ்வச்சம் தொடங்கிவிட்டது என்பதை முன்னரே குறித்தேன்.

ஆயினும் எனக்குத் தெளிவு தந்தது இச்சட்டங்களுள் எதுவும் அன்று. அலுவலகத்தினின்று திரும்பும் வழியில் மணற்கரையில் நின்று, துறைமுகத்துள் நுழையும் ஒரு சரக்குக் கப்பலைப் பார்த்தோம். எங்களோடு வந்தவர் முன்னாள் மாலுமி ஒருவர். அயல் துறையினின்று வரும் கப்பலின் தலைவர், உள்ளே இருப்போர் பெயர்ப்பட்டியலையும் அவர்கள் உடல்நிலை பற்றிய அறிக்கையையும் கொடுத்துத் துறைமுகச் சுகாதார அதிகாரியின் அனுமதி பெற்ற பின்னரே எவரும் கரையிற் கால்வைக்கலாம் என்றார். நெருக்கடியில் யார் எந்த உயிர்காப்புப் படகிற்கு, யாருக்கு என்ன வேலை என்று எழுதிய அட்டவணை கப்பலில் எல்லோரும் காணும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்குமாம். 1912-ல் டைட்டானிக் மூழ்கியபின் 1914-ல் கூடிய மகாநாட்டினின்று வளர்ந்து வந்த ஒழுங்குகளாம் இவை. "சமையற்காரனின் உதவியாளாக ஒரு பையன் இருந்தாலும் பெயர் இருக்கும், பெயர் இல்லாத ஆள் கப்பலில் இருந்தால் அவன் கள்ளப் பயணி" என்றார்.

அத்தையார் அதைக் கேட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் அன்று என் வீட்டில் கள்ளப் பயணி அந்தப் பிள்ளை அல்லவே, அவனைக் கள்ளனாக்கியது நாம்தானே" என்றார். 'நாம்' என்று அவர் சொன்னது அவருடைய பெருந்தன்மை.

அதன்பின் வீட்டில் நிகழ்ந்த மாற்றங்கள் எளியன. தீயணைக்கும் உருளைகள் இரண்டு வாங்கி மாட்டினோம். பின்னறைக் கதவை வெளிப்புறம் திறக்குமாறு மாற்றினோம். அதற்கு நல்ல தச்சர் கிடைக்கத்தான் ஒரு மாதம் ஆயிற்று. அறைக்கு இத்தனை பேர் என்று சுண்ணாம்பில் எழுதினோம். உரிமத்திற்கான மனுவோடு அத்தையார் அலைந்த அலைச்சலை எழுதினால் சஞ்சிகையில் இடம் போதாது. அவர் அதனை ஒரு புண்ணிய யாத்திரை போல் முடித்தார். வாடகை தலைக்கு இவ்வளவு என்பதை நீக்கி, அறைக்கு இவ்வளவு என்று ஆக்கினார். அது அவருடைய சொந்த யோசனை. ஆளை மறைப்பதால் எவருக்கும் காசு மிஞ்சாது என்றால் எவரும் மறைக்கமாட்டார் என்பது அவர் கணக்கு. இத்துணை நுட்பம் யான் படித்த எந்த விதியிலும் இல்லை.

சிவப்பு முதுகுப் பேரேடும் அப்பொழுது வந்ததே. அதில் பெயர், வயது, ஊர், வந்த நாள், போகும் நாள், கையொப்பம் என்னும் கட்டங்களோடு, எந்தப் படிவத்திலும் யான் காணாத கட்டம் ஒன்றை அத்தையார் தாமே கோடு கிழித்துச் சேர்த்திருக்கிறார்: 'யாருக்குச் சொல்ல வேண்டும்'. அதன்கீழ் வங்காள எழுத்தும் இந்தி எழுத்தும் ஒடியா எழுத்தும் நிறைந்துள்ளன. பெரும்பாலும் தாய்மார் பெயர்களே. பரணில் கிடந்த பிள்ளை மறு ஆண்டு ஷட்டவுன் வேலைக்கு வந்தபோது முதன்முதலாகத் தன் பெயரை எழுதி, அருகில் தாயின் கைப்பேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறான். மாலைச் சுற்றும் மீண்டும் நடக்கிறது.

சென்ற மாதம் யான் போனபோது, பையை வைத்துவிட்டு உள்ளே நுழைய முற்பட்டேன். "தம்பி, எழுதிவிட்டுப் போ" என்றார் அத்தையார். யான் விருந்தாளியா, வீட்டுப் பிள்ளையா என்று கேட்டேன். "இன்று ராத்திரி இங்கே படுக்கப் போகிறாயா இல்லையா?" என்று அவர் கேட்டார். உட்கார்ந்து எழுதினேன். கடைசிக் கட்டத்தில் அத்தையார் பெயரை எழுதினேன். அவர் எட்டிப் பார்த்து, பேனாவை என் கையினின்று வாங்கி, அதன்மேல் ஒரு கோடு இழுத்தார்.

"நானும் இந்த வீட்டுக்குள்தானே படுத்திருப்பேன்? வெளியில் இருக்கிற யாராவது ஒருவர் பெயரை எழுது" என்றார்.